குடை, மாடு, ரயில்

என்னைப் பெற்ற அய்யா,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. தாராவி டீக்கடையில் யாரையாவது பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பீர்கள். இந்தப் பத்திரிகை அந்தக் கடைக்கும் வருகிறது. உங்களைக் குடிகாரன் என்று சொன்னவர்களில் ஒருவரே இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

டிராமை நிறுத்திவிட்டார்கள், அய்யா. ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் எனக்குப் பூ வாங்கித் தந்து, தாதரில் டிராம் ஏற்றுவீர்கள். ஜன்னல் துரை அண்ணனுக்கு, உங்கள் மடி எனக்கு. கடைசி வரை போய், அதே வண்டியில் திரும்புவோம். கடைப் பலகைகளின் நிறத்தை வைத்தே அடுத்த நிறுத்தத்தைச் சொல்வீர்கள். ஒரு தடவையும் தப்பியதில்லை.

தோல் ஷாப்பிலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவீர்கள். இருபது தோல் ஒரு கட்டு. பத்து வருஷம் பிசகாத அந்தக் கட்டில் ஒருநாள் பதினேழு இருந்தது. மறுநாள் இருபத்துமூன்று. அதற்குள் உங்கள் தோளும் விரல்களும் தாமாகவே துள்ளத் தொடங்கியிருந்தன. ஆஸ்பத்திரிச் சர்டிபிகேட் இல்லாமல் வராதே என்றார் சேட்.

எனக்கு அப்போது பதினாறு வயது. இந்தி தெரியும் என்பதால் உங்களுடன் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன். வரிசையில் நின்ற ஒரு அக்கா என் காதில் சொன்னாள்: “பதில் தப்பாச்சுன்னா தாணேக்கு அனுப்பிருவாவ, பாத்துக்க.” தாணே என்றால் நம் தெருவில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே அர்த்தம். அந்தப் பயத்தோடுதான் உள்ளே வந்தேன்.

டாக்டர் தேதி கேட்டார். “ஆடி கடைசி வெள்ளி” என்றீர்கள். அது உண்மை. நான் இங்கிலீஷ் தேதியைச் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். “நூறுன்னா அஞ்சு கட்டு. அதுல எதுக்குளா ஏழ உருவணும்?” என்று என்னைக் கேட்டீர்கள். தொண்ணூற்றுமூன்று என்று டாக்டரிடம் சொன்னேன்.

பிறகு மூன்று வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடை, மாடு, ரயில். சற்று நேரம் கழித்து அவற்றைக் கேட்டார்.

“குடை” என்றீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினீர்கள். “குடைய எங்கன வச்சோம், ஏளா?”

அன்று நாம் குடையே கொண்டுபோகவில்லை, அய்யா.

“மூன்றையும் சொல்லிவிட்டார், வெளியே மழை, அதனால் எங்கள் குடையைத் தேடுகிறார்” என்று நான் இந்தியில் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். புத்தி தெளிவு. வேலைக்குத் தகுதி.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடுவரை துள்ளிக்கொண்டு வந்தேன்.

சேட் காகிதத்தைப் படித்தார். “திமாக் டீக் ஹை. அப்போ இது தாரு” என்றார். மூளை நன்றாக இருக்கிறவன் ஆடினால் அது சாராயம்தானே? அன்றே வேலை போயிற்று. மதுவிலக்கு இருக்கிற பம்பாயில் ஏழை தள்ளாடி நடந்தாலே கேஸ். காரில் போகிறவன் தள்ளாடினால் பர்மிட். ஹவல்தார் இரண்டு முறை உங்கள் வாயை ஊதச் சொன்னார். வெற்றிலை வாசம்தான் வந்தது. இரண்டு முறையும் லாக்கப்பில் வைத்தார்கள். மூன்றாம் வருஷம் கஞ்சி புரையேறிப் போய்ச் சேர்ந்தீர்கள்.

இப்போது துரை அண்ணன் கையில் டீ கிளாஸ் நிற்க மாட்டேன் என்கிறது. குர்லாவில் லேத் ஓட்டுகிறான். புது டாக்டர் ஒரு அம்மா. உங்களைப் பற்றிக் கேட்டார். உங்கள் அய்யாவைப் பற்றியும் கேட்டார். தாத்தா சாமியாடி, கோயில் கொடை முடிந்த பிறகும் சாமி அவரை விட்டு இறங்கவே இல்லை என்று ஊரில் பேச்சு என்றேன். அவர் சிரிக்கவில்லை. இது ரத்தத்தில் வருகிற நரம்பு நோய் என்றார். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காசைச் சுண்டிவிட்ட மாதிரி, வரலாம், வராமலும் போகலாம்.

ஊரில் தாத்தா ஆடியதற்குப் பெயர் சாமி. பம்பாயில் நீங்கள் ஆடியதற்குப் பெயர் சாராயம். நோய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒரே காகிதத்தை நான் கெடுத்தேன்.

மருந்து கிடையாதாம். ஆனால் ஞாபகத்தையும் கணக்கையும் வருஷா வருஷம் சோதிப்பார்கள். புத்தி நழுவத் தொடங்கினால் அப்போதே தெரியும். மிஷினை விட்டு வேறு வேலை கேட்கலாம். இது குடியல்ல, நோய் என்று டாக்டரே எழுதித் தருவார். திங்கட்கிழமை முதல் சோதனை.

“ஏளா, நீ டாக்டர் பின்னால நின்னுக்க. கணக்கு கேட்டா விரல்ல காட்டு” என்றான் அண்ணன்.

“லேத்துல உன் கை போச்சுன்னா அப்ப எந்த விரல காட்டட்டும்?”

சிரித்தான். டீ சட்டையில் சிந்தியது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

தினமும் காலையில் குழாயடியில் அந்த மூன்று வார்த்தைகளையும் சொல்லிக்கொள்கிறேன். குடம் நிறைந்ததும் மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். இன்றுவரை மூன்றும் வருகின்றன. அன்று என் முகத்தைப் பார்த்தீர்களே, பதிலைக் கேட்டா பார்த்தீர்கள்? இல்லை, எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு என்றா?

திங்கட்கிழமை நான் டாக்டருக்குப் பின்னால் நிற்க மாட்டேன், அய்யா. அண்ணன் மறந்தால், மறந்தான் என்றே எழுதட்டும். அவன் எழுந்ததும் அதே நாற்காலியில் நான் உட்காருவேன். இல்லாத குடையை நான் குனிந்து தேடும் நாள் வந்தால், மழை பெய்கிறது என்று சொல்லாதே என அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வாயாக வந்து, உங்களைப் பேசவிடாமல் செய்த மகள்,
செல்லத்தாய்