டிஜிட்டல் கண்ட்ரோல் வருகிறது, துரைசாமி அண்ணா

பாசமுள்ள துரைசாமி அண்ணாவுக்கு,

கலியமூர்த்தி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அடுத்த வரியில் உங்கள் நலத்தைக் கேட்பதுதான் கடிதத்தின் வழக்கம். அதை விட்டுவிட்டு நேராகச் செய்திக்கு வருகிறேன்.

நம் மன்றத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். மாதிரி ரயிலுக்கு எந்தக் கண்ட்ரோலைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். 'அமரர்' என்று தொடங்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். படித்தால் அது வேறு யாரையோ பற்றி எழுதியதுபோல இருந்தது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் கூடவே படித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் பெரிய யந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் வெர்னர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டியை நம்மிடம் விட்டுப் போனார். இரண்டு விரல் அகலத்தில் தண்டவாளம், உள்ளங்கையில் அடங்குகிற மூன்று இன்ஜின், கூடக் கொஞ்சம் பெட்டிகள். மன்றத்தில் கால் உடைந்து கிடந்த டேபிள் டென்னிஸ் மேஜைக்கு நீங்கள் முட்டுக் கொடுத்தீர்கள், நான் தண்டவாளம் பதித்தேன். சுரங்கத்து கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூமில் நீங்கள், அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் நான். ஷிப்ட் முழுக்க ஸ்விட்சோடு குடும்பம் நடத்திவிட்டு, சாயங்காலமும் ஸ்விட்சையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று அண்ணி கேட்டார்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜினை விட்டால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். கரண்ட் இரண்டுக்கும் பொது. அதனால் நீங்கள் பாதையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தீர்கள். ஸ்விட்சை அணைத்தால் அந்தத் துண்டில் நிற்கும் இன்ஜின் அங்கேயே நிற்கும், மற்றது ஓடும். ரயில்வேயில் அந்தத் துண்டுக்கு பிளாக் என்று பெயர்.

பிளாக் பிளாக்காக வீடு கட்டிக் குடியிருக்கிற ஊரில் இந்தப் பெயரை வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் நான் "பிளாக் ஆறுல கரண்டு இல்லண்ணா!" என்று கத்தினேன். பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் ஸ்ட்ரைக்கரை அப்படியே போட்டுவிட்டு, ஆறாவது பிளாக்கில் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்கு சைக்கிளில் பறந்தார். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியிலேயே கரண்ட் போனது என்றால் மனிதர் பதறமாட்டாரா? நீங்கள் சிரித்து முடிக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாம் எந்த பிளாக் என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்வது என்று வழக்கம் வைத்தோம்.

அப்புறம்தான் வெர்னரின் கடிதம் வந்தது. யந்திர வேலையாக மறுபடி வரப்போகிறாராம். அவர் ஊரில் இப்போது டிஜிட்டல் கண்ட்ரோல் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். பாதை முழுவதும் எப்போதும் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்றை வைத்து அதற்கு ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். கண்ட்ரோல் பெட்டியில் அந்த எண்ணை அழுத்தினால் அந்த இன்ஜின் மட்டும் சொன்னதைக் கேட்கும். பன்னிரண்டு ஸ்விட்ச் எதற்கு, இரண்டு ஒயர் போதும். அது வேண்டுமா, அல்லது பழைய முறைக்கே நல்ல ஸ்விட்சும் டிரான்ஸ்பார்மரும் வேண்டுமா, ஏதாவது ஒன்றுதான் தூக்கி வர முடியும், எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து நாம் இரண்டு கட்சி.

"எங்க நின்னுச்சுன்னு தெரியோணுமுங்க தம்பி" என்பீர்கள். "ஸ்விட்சுன்னா கை வெச்சுப் பாத்தாத் தெரியும். அந்தச் சில்லு வெந்துபோச்சுன்னா இங்க யாருங்க பாக்கறது? ஜெர்மனிக்குத் தந்தி குடுப்பீங்களா?"

"நீங்க பெல்ட்டு ஓட்றவரு, அதான் பெல்ட்டு மாதிரியே யோசிக்கறீங்க. ஒரு எடத்துல நின்னா எல்லாம் நிக்கணும் உங்களுக்கு. ஒவ்வொரு இன்ஜினும் அதும் பாட்டுக்குப் போவட்டுமேண்ணா" என்பேன் நான்.

நான் உங்களைப் பஞ்சாங்கம் என்றேன். நீங்கள் என்னை ஜெர்மன் மாப்பிள்ளை என்றீர்கள். நான்கு மாதம் ஓடியது, வெர்னருக்குப் பதில் போகவில்லை. அதற்குள் நம் ஸ்விட்ச் போர்டில் இரண்டு பிளாக் விட்டுவிட்டு வேலை செய்ய ஆரம்பித்தது. வார ஓய்வு நாளில் நீங்கள் போர்டைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பாண்டிச்சேரியில் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பஸ் ஏறினீர்கள்.

இனிமேல் எழுதுவது மலர்க்காரர்கள் கேட்டது இல்லை.

மறுநாள் சாயங்காலம் மன்றத்துக்கு வந்தீர்கள். நான் குனிந்து ஒரு ஒயரை சால்டர் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அது ஒட்டாமல் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"பாத்தாங்களாண்ணா?"

"பாத்தாங்க. பிளாக்குதானாமுங்க."

"எந்த பிளாக்கு?"

கொஞ்சம் சிரித்தீர்கள். "முழு பிளாக்காமா. மேல இருந்து வர்ற கரண்டு கீழ போய்ச் சேர்றதில்லீங்கறாங்க. மிஷின் ஒண்ணு வெச்சாத்தான் ஆகுமாம். மெட்ராஸுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க."

"இதத்தானேண்ணா நான் நாலு மாசமா கத்திக்கினு கெடக்கறேன்! மிஷின் வச்சாதான் சரிப்படும். அதுக்குன்னு மெட்ராஸுக்கெல்லாம் அலையாதீங்க. வெர்னர் வரும்போது பாத்துக்கலாம். அதுவரைக்கும் இதுவே ஓடும்."

"ஓடுமுங்களா?"

"ஓடும்ணா. நான் பாத்துக்கறேன்."

நீங்கள் மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தீர்கள். பிறகு "சரிங்க தம்பி" என்றீர்கள். பையிலிருந்து போர்டை எடுத்துப் பூட்டினீர்கள். பன்னிரண்டு பிளாக்கும் ஒழுங்காக வேலை செய்தன. மெக்கானிக் இரண்டு சால்டரைப் புதுப்பித்திருந்தார், அவ்வளவுதான் கோளாறு. மிஷின் வைக்க வேண்டிய போர்டு எப்படி இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று நான் இரண்டு இன்ஜினையும் எதிரெதிராக ஓட்டி விளையாடினேன்.

மூன்றாவது வாரம், முதல் ஷிப்டுக்குப் போனவர், சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பூட்டிவிட்டு, பக்கத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் ஷூ கயிறு கட்டுகிறீர்கள் என்று நினைத்தார்களாம்.

கருமாதி முடிந்து நான்கு நாள் கழித்து அண்ணி கூப்பிட்டு அனுப்பினார். அந்த மஞ்சள் பையைத் துவைக்க எடுத்தவருக்கு அதன் அடியில் மடித்த காகிதம் ஒன்று கிடைத்திருக்கிறது.

"ஏனுங்க தம்பி, இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்குது. பாண்டிச்சேரி டாக்டரு பேரு போட்டிருக்குதுங்க. படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். முழு ஹார்ட் பிளாக் என்று எழுதியிருந்தது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், தாமதிக்காமல் மெட்ராஸுக்குப் போகவும் என்று எழுதியிருந்தது. போர்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு நீங்கள் டாக்டரிடமும் போயிருக்கிறீர்கள். பிற்பாடு இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். இதயம் துடிப்பதற்கு மேலேயிருந்து கீழே ஒரு மின்சாரம் போகுமாம். அது வழியில் நின்றுவிட்டால் சின்ன மிஷின் ஒன்றை உள்ளே வைத்துக் கொடுப்பார்களாம். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை அண்ணா.

ஆனால் டாக்டரிடம் கேட்கும் முன்பே, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"கல்யாணமாயிப் பதினாறு வருசமுங்க தம்பி. நெஞ்சுல இத்தன பெரிய சமாச்சாரத்த வெச்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களே அவருக்கு. நான் பயந்துக்குவேன்னு உட்டுட்டாருன்னே வெச்சுக்கலாம். உங்ககிட்டயாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க அண்ணி" என்றேன்.

"அப்ப நாம ஒருத்தரும் அந்த மனுசனுக்கு ஆளாத் தெரியல, போங்க."

அன்றிலிருந்து உங்கள் படத்துக்கு அண்ணி பூ வைப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறார். நெஞ்சழுத்தக்காரர், யாரிடமும் வாய் திறக்காமல் போய்விட்டார் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள் என்று இருந்த வீடு அது. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தாராபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறார். இந்தக் கோபத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போவார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷிப்டுக்குப் போகிறேன், மீட்டர் பார்க்கிறேன், சாப்பிடுகிறேன். சுடுகாட்டிலிருந்து ஒரு மாதிரி வீடு திரும்பினேன், இன்னும் அப்படியே இருக்கிறேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த அம்மா, "ஒரு பாட்டம் அழுதுடுடா, நெஞ்சு லேசாவும்" என்றார். வந்தால்தானே.

கேட்க வேண்டியது ஒன்றுதான். நான் தண்டவாளத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்களுக்கு அப்போது தெரிந்ததா? இவன் எப்போதும் இப்படித்தான், இன்னொரு நாள் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டீர்களா? அல்லது எல்லாம் தெரிந்த தம்பி சொல்கிறான், மெட்ராஸ் வேண்டாம், அதுவரை ஓடும் என்று, உங்கள் நெஞ்சைப் பற்றியே நான் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்களா? "ஓடுமுங்களா" என்று ஏன் கேட்டீர்கள்? முதலாவது என்று நினைத்தால் ஒரு வேளை சோறு இறங்குகிறது. இரண்டாவதாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மலர்க்காரர்கள் கேட்ட விஷயத்துக்கும் முடிவு சொல்லிவிடுகிறேன். நேற்று வெர்னருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். டிஜிட்டல் கண்ட்ரோலையே கொண்டு வரட்டும். மன்றத்தில் இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லை என்பதற்காக இல்லை. பாதையை இன்னும் நீட்ட வேண்டியிருக்கிறது, இன்ஜின்கள் தனித்தனி வேகத்தில் ஓட வேண்டும், பன்னிரண்டு ஸ்விட்சை இரண்டு கையால் சமாளிக்க முடியாது. சரியான கணக்கு அதுதான். சில்லு வெந்துபோனால் யார் பார்ப்பது என்ற உங்கள் கேள்வி நியாயமானது, அதனால் இரண்டு சில்லு கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். மூன்றில் சின்னதான அந்தப் பச்சை இன்ஜினுக்குள் சில்லு வைக்க இடமே இல்லை. அதற்கு மட்டும் ஓரத்தில் தனியாக ஒரு வளையம் போட்டு, உங்கள் போர்டோடு இணைத்துவிடுகிறேன். நான்கு மாதம் வாதாடியது நடந்துவிட்டது. ஜெயித்த மாதிரி கொஞ்சமும் இல்லை.

இந்தக் கடிதம் அச்சாகி, யாரோ அண்ணிக்கு வாசித்துக் காட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஷிப்ட் இல்லை. காலையில் போகிறேன். என்ன சொல்வது என்று பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். எனக்காக ஒரு சமாதானம் எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வருகிறது. அதையெல்லாம் தட்டிவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: "அண்ணி, அண்ணன் யாருகிட்டயும் சொல்லாம போவல. எங்கிட்ட சொன்னாரு. நான்தான் தலையத் தூக்கிப் பாக்கல. நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

அதற்கப்புறம் அவர் கோபம் உங்களை விட்டு என் பக்கம் திரும்பட்டும். அது வந்து சேர வேண்டிய இடம் இதுதான். உங்கள் படத்துக்குப் பூ வரும். இதைச் செய்துவிட்டுத்தான் திங்கட்கிழமை இந்தக் கடிதத்தை மலர்க்காரர்களிடம் கொடுப்பேன், செய்யாமல் கொடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

அண்ணி நாளைக்கும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டால்,

உங்கள் தம்பி
கலியமூர்த்தி