ஆர்மோனியத்துக்கு அடங்கிய குரல்

1913 ஆகஸ்ட், ஞாயிறு இரவு. பாளையங்கோட்டை.

எங்கள் வேதக்கோயிலுக்குச் சீமை ஆர்மோனியம் வந்ததிலிருந்து கீர்த்தனையில் உயிர் இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போக அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கட்டைக்குக் கட்டை குதிக்கும். இதுதான் நாகரிகமாம். வாசிப்பவரோ என் வீட்டுக்காரர்.

"ஏளா, உன் குரல் பெட்டியோட சேர மாட்டேங்கு. பாதிரியார் சங்கடப்படுதாரு. இன்னைக்கு வாயை மட்டும் அசை, போதும்" என்று காலையில் சொல்லிவிட்டார். அப்படியே செய்தேன்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, இன்னைக்குத்தான் உங்க பாட்டு நல்லா சேந்து வந்துச்சு." என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று சிரித்தார்.

சற்று முன் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்காக மட்டும் அதே கீர்த்தனையைப் பாடிப் பார்த்தேன். குரல் இழையவில்லை. கட்டைக்குக் கட்டை குதித்தது.