ஐந்து பேர் எழுந்த வழக்கு

மிஸ்,

இன்று காலை நீதிமன்ற வராந்தாவில் யாரோ பொட்டலம் பிரித்தார்கள். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட தோட்டத்து ரொட்டி. வாசத்தோடு உங்கள் நினைப்பும் வந்துவிட்டது. பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கூடவே நினைவுக்கு வந்தது பல வருடங்களுக்கு முந்தைய அந்தச் சின்னப் பெண்ணின் வழக்குத்தான். தாய் இறந்துவிட்டாள். கொழும்புக்குப் போன தகப்பனிடமிருந்து தகவலே இல்லை. பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சேர்ந்து அவளை வளர்த்தார்கள். காலையில் ஒரு வீட்டில் ரொட்டி, இரவில் இன்னொரு வீட்டில் படுக்கை. பொறுப்பேற்க ஆளில்லாவிட்டால் தூரத்துச் சிறுவர் இல்லம்தான். அங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை.

"யார் பொறுப்பு?" என்று நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளனான நான் தமிழில் சொன்னேன். ஐந்து பெண்கள் எழுந்தார்கள். "ஒருவர்தான் நிற்கலாம்" என்றார். அதையும் சொன்னேன். ஐந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேச எனக்கு அனுமதி ஏது? பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பும் உத்தரவை எழுத நீதவான் பேனாவை எடுத்தார்.

நன்னடத்தை உத்தியோகத்தரான நீங்கள்தான் எழுந்து கொஞ்சம் அவகாசம் கேட்டீர்கள். வராந்தாவுக்கு வந்ததும், சிங்கள வாடை வீசும் உங்கள் தமிழில் சத்தம் போட்டீர்கள்.

"ஏன் உக்காந்தீங்க? புள்ள வேணாமா?"

"ஐயோ மிஸ், நான் மட்டும் நின்னா மத்தவங்க மனசு நோகாதுங்களா?" என்றாள் ஐவரில் ஒருத்தியான பிள்ளையின் அத்தைக்காரி. மற்ற நால்வரும் அதையேதான் சொன்னார்கள்.

சிரித்தீர்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டீர்கள். அத்தை கையெழுத்துப் போடுவது, மற்றவர்கள் பக்கத்தில் நிற்பது, தோட்டத் தலைவர் மாதாமாதம் வந்து பிள்ளையின் நிலையைச் சொல்வது என்று பேசி முடித்தீர்கள். நீதவானும் ஒப்புக்கொண்டார். பிள்ளை அன்றைக்கே தோட்டத்து பஸ்ஸில் ஏறினாள். அதன்பிறகு தோட்டத்துப் பிள்ளையின் வழக்கு என்றால், "லயத்து ஆட்களைக் கேட்டீர்களா?" என்பதே நீதவானுடைய முதல் கேள்வி.

உங்கள் ஊரான ஓப்பநாயக்கவில் உங்கள் மரண வீட்டுக்கு அந்த லயமே வந்திருந்தது. கல்யாணம் காட்சி என்று எதுவுமில்லாமல் தனியாக இருந்தவர் நீங்கள். பெட்டியை மூடுமுன், உறவினர் இருந்தால் முன்னால் வரும்படி சிங்களத்தில் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் எழுந்தார்கள், வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணும் எழுந்தாள். "இத்தனை பேருமா?" என்று ஒருவர் கேட்டார். அதையும் சொன்னேன். இந்த முறை ஒருவரும் உட்காரவில்லை, மிஸ். அழுதுவிட்டேன்.

இன்று ரொட்டி கொண்டுவந்தவர்களும் ஒரு பிள்ளைக்காக வந்தவர்கள்தான். வழக்குக் கூப்பிடுமுன் அவர்களிடம் போனேன். "ஒருத்தரத்தான் நிக்கச் சொல்லுவாங்க. யாருன்னு இப்பவே பேசிக்குங்க, மத்தவங்க கோவிச்சுக்காதீங்க" என்றேன். இந்த நீதிமன்றத்தில் நான் சொந்தமாகப் பேசுவது அது மட்டும்தான்.