கரமனை ஆற்றோடு நடந்து வந்தவள்

இன்று அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம். பூச்செண்டில் ரோஜாக்களுக்கு நடுவே பெரணி இலைகளைச் செருகியிருந்தார்கள். ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய். நீ போய் ஐந்து மாதமாகிறது.

தாவரவியல் இரண்டாம் ஆண்டில் நம் வகுப்பை, கரமனை ஆறு தொடங்குகிற போணக்காட்டு மலைக்கு அழைத்துப் போனார்கள். பெரணியைக் கண்டால் உலகத்தை மறந்து நின்றுவிடுகிறவள் நீ. திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் வரிசை எண் கூப்பிட்டார். நீ பின் சீட்டில் தூங்குகிறாய் என்று நினைத்தேன். கல்லூரியில் நீ வராத நாட்களில் செய்கிற மாதிரியே, குரலை மாற்றி “பிரசன்ட் டீச்சர்” என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. பின் சீட்டில் இருந்தது உன் பை மட்டும்தான் என்பது மலையடிவாரத்து வித்துரா வந்த பிறகுதான் தெரிந்தது. உடனே திரும்பிப் போனோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நீ பஸ்ஸைத் தேடி வேறெங்கோ இறங்கியிருந்தாய்.

மூன்று நாள். தேடப்போனவர்கள் மலை மேலே மேலே ஏறிக் கூப்பிட்டார்கள். வித்துராவில் உன் அம்மா என் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பொய்க் குரல் கொடுத்தது நான்தான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு கோழை நான்.

நீயோ ஓர் ஓடையைக் கண்டுபிடித்து, அதை விடாமல் இறங்கிக்கொண்டிருந்தாய்.

“இந்த ஜலம் எங்கே சுத்தினாலும் நம்ம கரமனைப் படித்துறைக்கு வந்துதானே ஆகணும்? அதோட போனா நானும் வந்து சேருவேன், கேட்டயா,” என்றாய் பிறகு, கடைத்தெருவுக்கு வழி சொல்வது போல. ஒரு காயைக்கூட நீ தின்னவில்லை. “பாட்டனி படிச்ச பயம்” என்று சிரித்தாய். இரண்டாம் நாள் ஓடையில் யானைக்கூட்டம். பாறைக்குப் பின்னால் அரை நாள் உட்கார்ந்திருக்கிறாய். “படித்துறையிலே மாமிகள் குளிச்சு முடியற வரைக்கும் காத்துண்டு நிப்போமே, அதுமாதிரி.” நீ சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றும் அப்படித்தான். நம் தெருவில் வெயிலுக்குக் குடை பிடித்து நடந்த பெண்ணா நீ?

மூன்றாம் நாள் பேப்பாறை அணைப் பக்கம் மீன் பிடிக்க வந்த, அந்தக் காட்டிலேயே வாழும் காணிக்காரர் ஒருவர் உன்னைக் கண்டு, தோளில் தூக்கி வந்தார். உன் கால் முழுக்க அட்டைக் கடி.

கல்லூரியில் விசாரித்தார்கள். “நான்தான் குரல் கொடுக்கச் சொல்லியிருந்தேன். யார்னு சொல்ல மாட்டேன்,” என்றாய். பத்து நாள் உன்னை வெளியே நிறுத்தினார்கள். நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்; அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் அழுதேன்.

“குரல் கொடுத்தது நீதான்னு தெரியாதா? காடு முழுக்க உன்னைத் திட்டிண்டேதான் நடந்தேன். அணை வந்தப்போ திட்டறதுக்குப் பாக்கி ஒண்ணும் இல்லை,” என்றாய்.

நம் இருவருக்குள் அது அதோடு முடிந்தது. உன் அம்மாவிடம் மட்டும் எனக்கு முடியவில்லை. உன் பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் தலையைத் தடவினார். “எனக்குத் தெரியும் குழந்தே. அன்னிக்குக் காட்டிலேந்து கொண்டுவந்து சேர்த்தப்போ, ஆஸ்பத்திரியிலே கண்ணைத் தொறந்ததும் அவளே சொல்லிட்டா. ‘அவளண்ட ஒண்ணும் கேக்கப்படாது, பாவம், ரொம்ப பயந்துபோயிருப்பா’ன்னு சத்தியமே வாங்கிண்டா.”

அப்படியென்றால் இத்தனை வருஷமும் உன் வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் தெரிந்தே போட்டதுதான். மூன்று நாள் காட்டில் தனியாகக் கிடந்துவிட்டு வந்து, பயந்துபோயிருப்பாள் என்று நீ கவலைப்பட்டது என்னைப் பற்றி.