ஒரே பென்டிரைவ்

ஜூன் 9, திங்கள்

கடைக் கம்ப்யூட்டர் தானாகவே புது சிஸ்டத்துக்கு மாறிக்கொண்டது. மாறியதிலிருந்து எம்ப்ராய்டரி மெஷினைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. பத்து வருஷம் ஒரே மேசையில் இருந்துவிட்டு, இப்போது யாரோ எவரோ மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்காரர்களின் நாற்பது கோட்டுகளில் சின்னம் தைத்துத் தர வேண்டும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். பழைய சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதை வைத்துக் கம்ப்யூட்டரைக் கிளப்பி, திரும்பப் போட வேண்டுமாம். "ஆள் வச்சுப் பண்ணுங்கப்பா" என்றாள். நான் கேட்பேனா? பத்தாவது வரை படித்தவன் ஆயிற்றே.

ஜூன் 10

மெஷினை விட எனக்குப் பயம் டெஸ்க்டாப்பில் இருக்கும் டிசைன்கள்தான். முதன்முதலில் போட்ட கோணல் வாத்திலிருந்து நானூறுக்கு மேல். எல்லாம் மனைவி மவுஸைப் பிடித்து, தையல் தையலாக வரைந்தவை. போன வருஷம் அவளுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன். இப்போது பத்து நிமிஷத்துக்கு மேல் வரைய முடியாது. போனால் போனதுதான்.

மகள் சொன்னதை அட்டையில் எழுதிக்கொண்டேன். முதலில் டிசைன்களைப் பென்டிரைவில் காப்பி செய்ய வேண்டும். பிறகு பென்டிரைவில் பழைய சிஸ்டத்தை ஏற்ற வேண்டும்.

இரண்டும் முடிந்தது. நடுவில் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகக் கேட்டது. சரி என்று அழுத்தினேன். புரியாத இடத்தில் தலையாட்டுவது என் பிறவிக்குணம்.

ஜூன் 11, காலை

பென்டிரைவைச் செருகிக் கிளப்பினேன். எந்த டிஸ்க்கில் போட என்று கேட்கிறது. கீழே 'ஃபார்மட்' என்று ஒரு பட்டன். அதைத் தொட்டால் துடைத்துவிட்டது போல் ஆகிவிடும் என்று கேள்வி. டிசைன்தான் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறதே — இருந்தும் விரல் போகவில்லை. அதைத் தொடாமலேயே அடுத்ததை அழுத்திவிட்டேன்.

நூல்கண்டு எடுக்க வந்த மனைவி, "ஏங்க இப்படி வேர்க்குது?" என்றாள். ஃபேன் ஓடவில்லை என்றேன். தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 11, மத்தியானம்

மெஷின் கம்ப்யூட்டரோடு மறுபடி பேசுகிறது. டெஸ்க்டாப் காலி. பென்டிரைவைத் திறந்தால் பழைய சிஸ்டம் மட்டும்தான் இருக்கிறது. டிசைன் எங்கே? அது மேலேயே இதை ஏற்றியிருக்கிறேன். அந்த நீளமான ஆங்கிலக் கேள்வி, இருப்பதை அழிக்கலாமா என்பதுதானா? ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். அவகிட்ட எப்படிச் சொல்றது?

ஜூன் 12

ஆஸ்பத்திரிச் சின்னத்தை மெஷினில் ஏற்றித் தரச் சொன்னாள் மனைவி. நாளைக்கு என்றேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனாள்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நேத்து நான் கேட்டப்போ, நாளைக்குன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை நானே மகளிடம் சொன்னேன்.

"ரெண்டு பென்டிரைவ்னு தனியா சொல்லணுமாப்பா?"

அட்டையை எடுத்துப் பார்த்தேன்; இரண்டு என்று அதில் இல்லை.

"ஃபார்மட் அழுத்துனீங்களா?"

"இல்லம்மா. பயமா இருந்துச்சு."

"அப்போ பழசையெல்லாம் அழிக்காம ஒதுக்கி வச்சிருக்கும். சி டிரைவைத் திறங்க. கடைசில 'ஓல்டு'ன்னு முடியுற ஃபோல்டர் இருக்கா?"

இருந்தது. உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், மகள் சொல்லச் சொல்லத் திறந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்துக்குப் போனேன். மனைவி என் கையை விலக்கி மவுஸை வாங்கிக்கொண்டாள். திரையில் கோணல் வாத்து வந்தது. அதன் பின்னால் நானூறும்.

"உங்கப்பாவோட பயம் ஒரு தடவையாவது உருப்படியா வேலை செஞ்சிருக்கு" என்றாள் போனைப் பார்த்து. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 14

கோட்டுகள் ஒரு நாள் தாமதமாகப் போயின. ஆஸ்பத்திரிக்காரர்களின் திட்டு எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16

மனைவி புதுப் பென்டிரைவ் வாங்கி டிசைன்களை ஏற்றியிருக்கிறாள். அதற்குத் துணியில் ஒரு உறை. உறையில் கோணல் வாத்து, அதன் கீழே சிவப்பு நூலில்: 'இவர் தொடக்கூடாது.'

மாட்டியிருப்பது என்னவோ என் நாற்காலிக்கு மேலே, என் கைக்கு எட்டும் ஆணியில்.