மாணிக்கம் கடைப் போணி

முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் ஒரு நாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் மகராசருக்கு,

உங்கள் பேரன் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. சிங்கப்பெருமாள் கோயிலில், மருமகளின் தாய்வீட்டில் இருக்கிறான். உங்கள் மூக்கு. உங்கள் பிடிவாதம். பால் போதவில்லை என்றால் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறான். உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் அவனை எப்படிக் கூப்பிடுவது? பார்க்கப் போனபோது ‘ராசா, கண்ணு’ என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட்டேன். மற்ற சேதி அப்படி இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய வருஷம் கொளவாய் ஏரி கலங்கல் வழிந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் மூன்று வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. ஏரிக்குள் மாடு மேய்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாதவன் மாடு கட்டிக் கவலை இறைக்கக் கயிறு எதற்கு வாங்குவான்? கிராமத்து வண்டிகள் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்கு வருவதே நின்றுபோயிற்று. இரும்புக் கடைக் கேசவன் பலகைகளை அடுக்கிப் பூட்டிவிட்டுப் பட்டணம் போய்விட்டார். அவருக்கு முன்னாலேயே நாலைந்து பேர் போயிருந்தார்கள். நம் தெருவில் இன்று திறந்திருப்பது நம் கயிற்றுக் கடையோடு சேர்த்து ஐந்தே கடை.

போணி ஆகாத கடையின் நிலைமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை வேறு யாராவது படித்தால் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். காலையில் முதல் வியாபாரம் நடக்காமல் கல்லாவிலிருந்து காலணா வெளியே வராது. பீடிக்கு நெருப்புக் கேட்டால்கூட ‘போணி ஆகட்டும்’ என்பார்கள். உங்கள் கைக்கு ராசி என்று தெருவே நம்பியது. “அண்ணாத்த, கைய கொண்டா! நேரமாவுது!” என்று எதிர்த்த மளிகைக் கடை மாணிக்கம் தினமும் நம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பான். நீங்கள் போய் ஓரணாவுக்கு ஏதாவது வாங்குவீர்கள். எது வாங்கினாலும் முதலில் ஒரு மஞ்சள் துண்டை உங்கள் கையில் வைத்துவிட்டுத்தான் அவன் தராசையே தொடுவான்.

கேசவன் போன மறுநாள் ஐந்து கடைக்காரர்களும் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். “அண்ணாத்த ஒத்த ஆளா பண்ணிகினு இருந்தத நாம எல்லாரும் சேந்து பண்ணுவோம்” என்றது மாணிக்கம்தான். நம் வீட்டு ஆள் மாணிக்கத்திடம் வாங்க வேண்டும். போணியான கையோடு மாணிக்கம் பாக்கியத்திடம் வெற்றிலை வாங்குவான். பாக்கியம் வேணுவின் பானைக் கடையில் ஒரு சட்டியோ மூடியோ வாங்குவாள். வேணு தையல்கார மஜீத் பாயிடம் ஒரு கிழிசலைத் தைக்கக் கொடுப்பான். பாய் நம் கடைக்கு வந்து சணல் வாங்குவார். வெளியாள் ஒருவர் வராவிட்டாலும் ஐந்து கடையும் போணி கண்டுவிடும். போணி கண்டவனுக்குத்தான் பொழுதுக்கும் கடையில் உட்காரத் தெம்பு வரும். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

முந்தாநாள் தவறப் பார்த்தது. என்னால்.

நம் பிள்ளை கன்னியப்பன் கயிற்றுச் சுருள்களை எடுத்துக்கொண்டு கோவளம் போனான். கட்டுமரக்காரர்களாவது வாங்குவார்களா என்று பார்க்க. திரும்பி வர மூன்று நாள் ஆகும் என்றான். “யம்மா, மாணிக்கம் கடை போணிக்கு யாரயாச்சும் அனுப்பிடு” என்றான். யாரை? வீட்டில் இருந்தது நான் ஒருத்தி. என் நினைப்பே அவனுக்கு வரவில்லை. தாலி இறங்கிய கையால் எந்தக் கடையில் போணி வாங்குவார்கள்? மூன்று வருஷமாக நானும் நாலு பேர் வாங்கிப்போன பிறகுதான் கடைப்பக்கமே போகிறேன்.

இதில் இன்னொரு கஷ்டம். புளி மண்டித் தரகர் ஒருவர் மாணிக்கம் கடையைக் கிடங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். “போணி ஆவாத நாளு என்னிக்கு வருதோ, அன்னிக்கே சாவியக் குடுத்துடறேன்” என்று மாணிக்கம் சலிப்பில் சொல்லிவைத்துவிட்டான். அந்த ஆள் தினமும் குடையோடு வந்து கேசவன் கடைப் படியில் உட்கார்ந்துகொள்வார். மாணிக்கம் போனால் சங்கிலி அறுந்தது. அப்புறம் நம் கடை மட்டும் யாருக்காக?

நான் ஓரணாவை எடுத்துக்கொண்டு போய் மாணிக்கம் கடை முன்னால் நின்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அண்ணி, செத்த ஓரமா நில்லுங்க. எவனாச்சும் ஒருத்தன் வரட்டும்.”

“எவன் வரான்? தெருவுல காக்காகூடக் காணோம்.”

அங்கேயே நின்றேன். வெயில் ஏறியது.

“இன்னா மாணிக்கம், போணி ஆச்சா இல்லியா? வெத்தல வாடிகினு கீது!” என்று பாக்கியம் கத்தினாள்.

“நீ கூவு. பானை வாடாது, நான் குந்திகினு கீறேன்” என்றான் வேணு. சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

“அந்தம்மா இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீது?” என்றார் தரகர், ஒன்றும் தெரியாதவர் போல.

“நீ மாணிக்கங்கிட்ட ஒரு பாக்கு வாங்கித் தொலையேன்யா. கொறஞ்சா பூடுவ?” என்று பாக்கியம் அவர் மேல் பாய்ந்தாள்.

“எனுக்கு வேண்டியது பாக்கு இல்லம்மா. சாவி.”

பாக்கியம் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். குரலை இறக்கினாள். “அக்கா, காச என் கைல குடு. நான் வாங்கியாறேன். பொட்டு வெச்சவ கை, ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

“காசு மட்டும் ஆவும். என் கை ஆவாதா?”

“பேஜாரு பண்ணாத அக்கா. அஞ்சு வூட்டுச் சோறு இது.”

அவள் சொன்னது நியாயம். அது எனக்குத் தெரிந்ததுதான் கொடுமை. கொடுத்திருக்கலாமா? ஓரணாவை அவள் கையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் எல்லாம் நடந்திருக்கும். என் விரல் திறக்கவில்லை. எனக்குத் திமிர் என்று உங்கள் அம்மா சொல்வார்கள். திமிர்தான். ஆனால் அந்தக் காசைக் கொடுத்திருந்தால் அதற்கப்புறம் எந்தக் கடை முன்னாலும் நான் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பாய் தையல் மிஷினின் மேல் கையை வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரம் ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. என் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. மாணிக்கம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தான். தட்டு கீழே இறங்கியது. தரகர் எழுந்து குடையை இடுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். நீங்கள் இருந்த வரைக்கும் வாசற்படி தாண்டாத பேச்சு. என்னை மன்னித்துவிடுங்கள்.

“மாணிக்கம், அவரு கைராசின்னு கூவிக் கூவிக் கூப்ட்டியே, அந்தக் காசு எங்கேருந்து வந்துது தெரியுமா? தெனமும் கடுகு டப்பாலேருந்து நான் எடுத்து, அவரு உள்ளங்கைல வெச்சு மூடுவேன். இத்தினி வருசமா நீ வாங்கினது என் கைப் போணி. அப்ப ஆவுன கை இப்ப ஆவலியா?”

சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நடுத்தெருவில் உங்கள் பெயரை இறக்கிவிட்டேனே என்று. நீங்கள் போன பிறகும் இந்தத் தெரு உங்களைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட ஒரே விஷயத்தை நானே பிடுங்கிக்கொண்டேனே என்று.

மாணிக்கம் தலை குனிந்தபடியே மெதுவாகச் சொன்னான்.

“தெரியும் அண்ணி.”

“இன்னா தெரியும்?”

“அண்ணாத்தயே சொல்லிக்கீறாரு. ‘என் கைல இன்னாடா கீது மாணிக்கம், எல்லாம் அவ எடுத்து வெக்கிற கை’ன்னு. ஒரு தபா இல்ல, எத்தினியோ தபா.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “தெரிஞ்சேதான் உங்கள வெயில்ல நிக்க வெச்சேன். பயம் அண்ணி. இருக்கிற நெலமைல எதப் பாத்தாலும் பயம்.”

சாவியை எடுத்து இடுப்பில் செருகினான். “இன்னா வேணும்?” என்றான். ஓரணாவுக்கு வெல்லம் கேட்டேன். இரண்டு கையையும் நீட்டிக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு டப்பாவைத் திறந்து, உங்களுக்கு வைப்பது போலவே, ஒரு மஞ்சள் துண்டை என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று வருஷமாக என் கையில் யாரும் மஞ்சளை வைத்ததில்லை.

“ஆச்சுடா வேணு! சட்டிய எடு!” என்று பாக்கியம் கத்தினாள். தரகர் போனதை நான் பார்க்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு மாணிக்கம் கடைக்கு வெளியாள் வந்தது ஒருவர், அதுவும் உப்புக்கு. சாயங்காலம் வரை நான் கதவோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ‘அந்தக் கை பட்டது, அதான்’ என்று யாராவது சொல்வார்களோ என்று. யாரும் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டார்களோ என்னவோ.

மறுநாள் காலையில் ஓரணாவை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். நானாகப் போகக் கூடாது என்று வைராக்கியம். எதிரே மாணிக்கம் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. கடைசிப் பலகையும் எடுத்தாயிற்று. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மடி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி! கைய கொண்டாங்க! நேரமாவுது!”

நான் எழுந்து ஓடினேன். இந்த வயசில்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எதிர்த்த கடைக்காரனிடம் எத்தனையோ தடவை சொன்னீர்களே, முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா?

கன்னியப்பன் இன்று வந்துவிட்டான். கோவளத்தில் பாதிச் சுருள் விற்றது, மீதி அப்படியே கிடக்கிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, “நாளையிலேருந்து நான் போறம்மா” என்றான். “நீ கடையைப் பாருடா” என்று சொல்லிவிட்டேன். வானத்தில் இன்னும் மேகம் இல்லை. ஆனால் என் கால் நடக்கிற வரைக்கும் மாணிக்கம் கடைப் போணி என்னுடையது. தெருவில் ஒரு கடை மிச்சமிருந்தாலும் போய் நிற்பேன். ஓரமாக நிற்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். அவன் தருகிற மஞ்சளைச் சேர்த்து வைக்கிறேன், மருமகள் பிள்ளையோடு வந்ததும் குளிக்க ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் உள்ளங்கையில் காசு வைத்து மூடிய வீட்டுக்காரி,
கன்னியப்பனுக்கு அம்மா, உங்கள் பெயர்க்காரனுக்குப் பாட்டி,
தெய்வானை