பை கட்டிய மணி

அனுப்புநர்:
சி. அன்புராசா,
டோர்செட் பார்க், ஸ்காபரோ.

பெறுநர்:
தீத்தடுப்பு அதிகாரி அவர்கள்,
தீயணைப்பு நிலையம், ஸ்காபரோ.

பொருள்: ஏரிக்கரைப் படகுத்துறையில் கட்டியிருக்கும் படகினுள் விறகடுப்பு எரிப்பதால் இரு பிள்ளைகளுக்கு ஏற்பட்டுள்ள உயிராபத்து.

மதிப்புக்குரிய ஐயா,

தமிழில் எழுதினாலும் மொழிபெயர்ப்பித்துப் படிப்பீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் துணிந்து எழுதுகிறேன். துணிந்து என்றேனே தவிர, கை கூசுகிறது. நான் முறையிடுவது என் அக்காவின் கணவர் தியாகலிங்கம் மீது. நான் இந்நாட்டுக்கு வந்தபோது இடம் தந்து சோறு போட்டவர் அவர்.

1. அத்தான் படகு திருத்தும் வேலை செய்பவர். குளிர்காலக் காவலுக்கென்று முதலாளி கொடுத்த பழைய படகில், அக்கா யோகமலருடனும் பிள்ளைகள் அட்சயா, சுலக்சனுடனும் குடியிருக்கிறார். அறையின் நடுவே இரும்பு விறகடுப்பு. அதன் புகைக்குழாய் துருப்பிடித்து வெடித்திருக்கிறது. குளிர் வராதிருக்கக் காற்றுத் துவாரங்களில் பழைய சாரத் துணிகளைத் திணித்திருக்கிறார்.

2. மார்கழி முதல் பிள்ளைகளுக்குத் தலையிடியும் வாந்தியும். அக்கா கண்பட்ட நாவூறு என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமைகளில் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அதே அடுப்பில் போடுகிறார். என் வீட்டில் வந்து நின்ற நாட்களில் பிள்ளைகள் துள்ளி விளையாடினார்கள். அதைச் சொன்னேன். அப்படியானால் நாவூறு படகுக்குத்தான் என்று அத்தான் படகின் முகப்பில் தேசிக்காய் என்னும் எலுமிச்சங்காயைக் கட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஐயா.

3. அடுப்பிலிருந்து கசியும் நச்சுவாயு இருந்தால் ஒலிக்கும் மணி ஒன்றை வாங்கிச் சுவரில் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளியே அது கத்தியது. மிளகாய்ப் புகைக்குத்தான் கத்துகிறது என்று, தாளிக்கும்போது எங்கள் அபார்ட்மென்டுகளில் புகை மணிக்குச் செய்வதைப் போலவே, கடைப் பை ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள். மிளகாய் எரிந்து முடிந்த பின்பும் பைக்குள் அது முனகிக்கொண்டிருந்தது. அவிழ்க்கப் போன என் கையை, “உனக்குப் படிப்புக் கூடிப்போச்சு” என்று அத்தான் தட்டிவிட்டார்.

4. கடந்த வெள்ளி நான் அங்கு போயிருந்தபோது அட்சயாவை எழுப்ப முடியவில்லை. அவளுக்கு ஏழு வயது. வெளியே பனிக்குள் தூக்கிவந்து வைத்திருந்த பிறகே கண் திறந்தாள். நாவூறு கழிப்பு பலித்துவிட்டது என்று அக்கா கும்பிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வேலை போய்விடும் என்றார் அத்தான். நானும் வாய்மூடி நின்றேன். அதை நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கூடப்பிறந்தவளின் அறியாமையை அந்நிய அதிகாரிக்கு எழுதிக் காட்டுவது வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் இதற்குக் காட்டிக்கொடுப்பு என்று பெயர். மொட்டைக்கடிதம் போடத்தான் முதலில் நினைத்தேன். பெயரில்லாத கடிதத்தை நீங்கள் ஒதுக்கிவிட்டால் என்ற பயத்தில் கையொப்பம் இடுகிறேன்.

ஆகவே, வருகிற வெள்ளிக்கு முன்பாக அப்படகைச் சோதித்து, குழாயைத் திருத்தும்வரை அடுப்பை எரிக்கவிடாது தடுக்குமாறும், இயன்றால் அத்தானின் வேலைக்குப் பாதகம் வராமல் பார்க்குமாறும் பணிவுடன் கேட்கிறேன். அதுவரை நால்வரும் என் வீட்டில் தங்கலாம்.

யார் சொன்னது என்று அத்தான் கேட்டால் என் பெயரையே சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளை என்னை மாமா என்று கூப்பிட விடமாட்டார். கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, அவர்கள் உயிரோடு இருக்கட்டும்.

இடம்: ஸ்காபரோ
நாள்: 22.01.1997

தலைகுனிவுடன்,
சி. அன்புராசா